செட்டிநாட்டு வீடுகளில் இன்றைய வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் பூர்வீக வீடு வைத்திருப்பவர்கள், அவ்வீடுகளைப் பழுதுபார்த்துக் குடியேற எண்ணுபவர்கள், அங்கே சில நாள் தங்கிப் பார்க்க விரும்புபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்பட்டிருக்கிறது. பழமையைக் காப்பதும் வசதியாக வாழ்வதும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. செட்டிநாட்டைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. ஆள் குடியிருக்கும் வீடுதான் அங்கே நிலைத்து நிற்கிறது.

செட்டிநாடு என்று எந்த ஊர்களைச் சொல்கிறோம்?

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும், வணிகச் சமூகமான நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஊர்களையே செட்டிநாடு என்கிறோம். முன்பு 96 ஊர்கள் இருந்ததாகச் சொல்வது மரபு. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 75. காரைக்குடியும் தேவகோட்டையும் நகரங்களாக வளர்ந்துவிட்டன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, கடியாபட்டி, ராயவரம் போன்றவை பழைய தெருவமைப்போடு இருக்கின்றன. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய இடங்களில் உள்ள, நகரத்தாரின் ஒன்பது பிரிவுகளுக்குரிய நகரக் கோயில்களும் இந்த வட்டாரத்தில்தான் உள்ளன.

இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் ஏன் அவற்றைப் பூட்டிவிட்டுப் போனார்கள்?

இன்று நாம் பார்க்கும் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கை, இந்தோசீனா ஆகிய நாடுகளில் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் தொழிலில் வந்த பணமே இவற்றுக்கு அடித்தளம். பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், ஐரோப்பியக் கண்ணாடிகளும் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது.

1930களின் பொருளாதார மந்தத்தில், கடனைத் திருப்பித் தர முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தன. அந்த நிலமே பின்னர் பகைக்கும் இழப்புக்கும் காரணமாயிற்று. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது ஏராளமானோர் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டங்களும், 1962இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சியும் எஞ்சியிருந்ததையும் முடித்துவைத்தன. வருமானம் நின்றதும் அடுத்த தலைமுறை சென்னைக்கும், கோவைக்கும், வெளிநாடுகளுக்கும் வேலை தேடிப் போயிற்று. வீடு மட்டும் ஊரில் நின்றது. அலட்சியத்தால் கைவிடப்பட்டவை என்று இவற்றைப் பற்றிப் பேசுவது அந்த மக்கள் பட்ட இழப்பை மறந்து பேசுவதாகும்.

வீட்டின் அமைப்பு எப்படிப்பட்டது? ஒரு சிறு குடும்பத்துக்கு அது பொருந்துமா?

முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்படி நீண்டு கிடப்பது செட்டிநாட்டு வீடு. உயர்ந்த திண்ணையும் பேச்சுவார்த்தைக்கான கூடமும் கொண்ட முகப்பு முதலில் வரும். அதைத் தாண்டினால் வளவு எனப்படும் முதல் முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் பத்தி எனப்படும் தாழ்வாரமும், அதை ஒட்டி அறைகளும் இருக்கும். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று ஒதுக்கியிருப்பார்கள். அதற்குப் பின் இரண்டாம் கட்டு (அடுத்த முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), அதற்கும் பின்னே அடுப்படி, கிணற்றடி.

பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் தனித்தனி உலையேற்றி வாழ்வதற்காகத் திட்டமிடப்பட்ட வீடு என்பதால், அதைப் பகுதி பகுதியாகப் பயன்படுத்துவது எளிது. நால்வர் உள்ள குடும்பம் இரண்டாம் கட்டிலும் அடுப்படியிலும் நிம்மதியாகக் குடியிருந்துகொண்டு, முகப்பையும் வளவையும் விசேஷங்களுக்கு மட்டும் திறந்துகொள்ளலாம். வீடு முழுவதையும் ஒரே மூச்சில் சீரமைத்தே தீரவேண்டும் என்ற நினைப்பினாலேயே பலர் எதையும் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டு உயிரோடு இருந்தால் மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ள முடியும்.

சித்திரை வைகாசி வெயிலில் ஏசி இல்லாமல் இருக்க முடியுமா? ஏசி வைத்தால் வீடு கெடுமா?

பகலில் வளவிலும் பத்தியிலும் ஏசி தேவைப்படுவதில்லை. தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, அடுக்கடுக்காகப் பதித்த ஓடு, முற்றத்தின் வழியாக மேலேறிப் போகும் வெக்கை ஆகிய எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் படுக்கையறைகள் சிறியவை, சன்னல்களும் குறைவு. முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அங்கே ஏசி வைப்பதில் தவறே இல்லை. அறை சிறியது, சுவர் தடித்தது என்பதால் சிறிய இயந்திரமே போதும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. வெளிப்புறப் பெட்டியை முகப்பிலோ வளவிலோ மாட்டாமல் பின்கட்டின் மாடியில் வைக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைக் குழாய் வழியாகத் தரைவரை கொண்டுவந்து விடவேண்டும். சுண்ணாம்புச் சுவரில் நாள்தோறும் அந்த நீர் வழிந்தால், ஒரே கோடையில் பூச்சு ஊதி உதிரத் தொடங்கும்.

குளியலறையும் கழிப்பறையும் இல்லாத வீட்டில் அவற்றை எங்கே கட்டுவது?

பழைய வீடுகளில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, பின்புறத்தில் இருந்தது. இன்றைக்கு அது யாருக்கும் ஒத்துவராது. குறிப்பாக வயதானவர்கள் இரவில் இரண்டு கட்டுகளைத் தாண்டி நடக்க முடியாது. இந்த வீடுகளில் சீரமைப்பு பெரும்பாலும் சறுக்குவது இந்த வேலையில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குளியலறைக்கு ஏற்ற இடம் இரண்டாம் கட்டிலும் பின்கட்டிலும் இருக்கும் சாமான் அறைகள். படுக்கையறையோடு ஒட்டியிருக்கும் சாமான் அறையைத் தேர்ந்தெடுத்தால் நடுவே ஒரு கதவு திறப்பதோடு வேலை முடியும். பழைய சுவரின் மேலேயே டைல்ஸ் ஒட்டக் கூடாது. பழைய சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி மெல்லிய புதுச்சுவர் ஒன்றை எழுப்பி, இடையில் காற்றோடும் இடைவெளி விட்டு, அந்தப் புதுச்சுவரில் டைல்ஸும் குழாயும் பதிக்க வேண்டும். பழைய தரைக்கு மேல் தனி மேடை கட்டி, அதற்குள்ளேயே நீர்க்கசிவுத் தடுப்பும் கழிவுநீர்க் குழாயும் அடங்கும்படி செய்தால், பிற்காலத்தில் வேண்டாம் என்று எடுத்துவிட்டாலும் அடியில் இருக்கும் பழைய தரை அப்படியே கிடைக்கும். குழாய்களைச் சுவரை வெட்டிப் புதைக்காமல், வெளியே தெரியும்படி பின்சந்துப் பக்கமாக இறக்குவது நல்லது. பார்வைக்குச் சற்றுக் குறையாகத் தோன்றலாம். ஆனால் எங்கே கசிகிறது என்று உடனே தெரியும், சுவரும் பிழைக்கும்.

சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதிலும் அழுத்தம் திருத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். உப்புப் பூத்து, செங்கல் மாவாகி, ஓரிரு ஆண்டுகளில் சிமெண்ட் பாளம் பழைய காரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். எமல்ஷன் பெயிண்ட் செய்வதும் இதே கேட்டைத்தான். அது கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது.

செட்டிநாட்டுப் பூச்சு பல அடுக்குகளாக ஏற்றப்படுவது. நீற்றிய சுண்ணாம்பை நீரில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து அடிப்பூச்சு இடுவார்கள். மேலே போகப்போகக் காரை நைசாகிக்கொண்டே வரும். கடைசி அடுக்கில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். அதைக் கொத்தனார் வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கச் சுவரில் வியர்வைபோல நீர் துளிர்க்கும். அதை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். நூறாண்டு கழித்தும் கையை வைத்தால் பளிங்குபோலக் குளிர்ச்சியாக இருக்கும் சுவர்கள் இப்படி உருவானவைதான்.

இந்த வேலை தெரிந்தவர்கள் இன்றும் காரைக்குடிப் பக்கத்தில் இருக்கிறார்கள். கூலி கூடுதல், நாளும் கூடுதல் என்பது உண்மை. ஆனால் வீடு முழுக்க இதைச் செய்ய வேண்டியதில்லை. உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புக் காரையால் ஒட்டுப்போட்டு, நல்ல சுவரைத் துடைத்து விட்டாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பழைய சுவர் அழுக்காகத் தெரிவதாலேயே கெட்டுவிட்டதென்று முடிவு செய்து, நல்ல பூச்சைச் சுரண்டி எறிபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

ஆத்தங்குடிக் கல் இன்றைய வீட்டுக்கு ஏற்றதா?

மிகவும் ஏற்றது. சூளையில் சுடாத தரைக்கல் அது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்து நிரப்புவார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்துவார்கள். கண்ணாடியிலிருந்து கல் தானாகப் பிரிந்து வரும்போதே மேற்பரப்பு பளபளக்கும். வேறு மெருகு தேவையில்லை.

வெறுங்காலோடு நடக்க நடக்கவும், தினமும் ஈரத் துணியால் துடைக்கத் துடைக்கவும் மெருகு கூடும். எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். ஆசிட் பட்டால் நிறம் போய்விடும். ஆகவே கழிப்பறை கழுவும் திரவங்களை இதன் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. பூட்டிய வீட்டில் இதே கல் மங்கிப் பொரிந்து கிடப்பதைக் காணலாம்.

மின்சாரம், இணையம்?

துணி சுற்றிய பழைய வயர்களும் மரக் கேசிங்கும் இருந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். இதில் பழமைக்கு இடமே இல்லை. தேக்கு உத்தரங்கள் நிறைந்த வீட்டில் மின்கசிவால் தீப்பிடித்தால் எஞ்சுவது சுவர் மட்டுமே. புது வயரை மரக் கேசிங்குக்குள்ளேயே ஓட்டினால் தோற்றமும் மாறாது. தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை செல்லாது என்பதால் கட்டுக்கு ஒரு கருவி வீதம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டில் பத்துப் பதினைந்து பங்காளிகளுக்கு உரிமை இருக்கிறது. யார் செலவு செய்வது?

செட்டிநாட்டு வீடுகளின் உண்மையான சிக்கல் இது. ஓடு உடைவதாலும் கரையான் ஏறுவதாலும் விழுந்த வீடுகளைவிட, பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோனதால் விழுந்த வீடுகளே அதிகம் என்பது என் கருத்து. ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு சிறுத்துக்கொண்டே போகிறது. பங்கு சிறுக்கச் சிறுக்க, செலவு செய்ய வேண்டும் என்ற எண்ணமும் சிறுக்கிறது. கடைசியில், யாரோ ஒருவர் தூணையும் நிலைக்கதவையும் விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பார். காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தேக்குத் தூண்களுக்கும், எனாமல் பாத்திரங்களுக்கும், ரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் பின்னால் இப்படிப்பட்ட குடும்பப் பேச்சுகள் இருக்கின்றன.

நன்றாக நடக்கும் வீடுகளில் பொதுவாகக் காணப்படும் வழக்கம் ஒன்று உண்டு. பங்குகளைப் பிரிக்காமல் வீட்டை ஓர் அறக்கட்டளையின் கீழோ எழுத்துப்பூர்வமான பொது ஒப்பந்தத்தின் கீழோ கொண்டுவந்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று எல்லோரும் சமமாகப் பணம் போட்டு, உள்ளூரில் ஒருவரைப் பொறுப்பாளராக வைக்கிறார்கள். அதோடு படைப்பு (முன்னோருக்குப் படையலிடுவது), திருமணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்ற சடங்கு) ஆகிய விசேஷங்களை அந்த வீட்டிலேயே நடத்துவது என்று உறுதியாக இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பிள்ளைகள் நாலு நாள் வளவில் படுத்துறங்கி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனால், அடுத்த ஆண்டு சந்தா கேட்கும்போது யாரும் மறுப்பதில்லை. குளியலறையும் படுக்கையறை ஏசியும் இங்கேதான் தம் வேலையைச் செய்கின்றன. வசதி இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கி, வீட்டுக்கு விருந்தாளிபோல வந்து போவார்கள்.

வீட்டை விடுதியாக மாற்றினால் அது பாரம்பரியத்தைக் காப்பதாகுமா?

பல வீடுகளை அது காப்பாற்றியிருக்கிறது. காரைக்குடியில் ‘பங்களா’ என்ற பெயருடைய விடுதி, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று சொல்லிக்கொண்டே போகலாம். சாரதா விலாஸைச் சீரமைத்தவர்கள் பிரான்சைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்கள் இருவர். இங்கெல்லாம் கொத்தனாருக்கும், ஆசாரிக்கும், சமையல்காரருக்கும், கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கும் வேலை கிடைக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் தெருவில் எல்லா வீடும் விடுதியாகிவிட்டால், அந்தத் தெருவில் காலையில் கோலம் போடுபவர் சம்பளத்துக்குப் போடுபவராகவே இருப்பார். ஒரு தெருவுக்கு ஒன்றிரண்டு விடுதிகள், மற்றவை குடியிருப்புகள் என்ற அளவு ஊருக்கு நல்லது.

இதுபோன்ற பிற ஊர்களிடமிருந்து கற்க ஏதேனும் உண்டா?

நகரத்தார் காலூன்றிய ஊர்களில் ஒன்றான பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டில் விலகியபோது, வாடகை உயர்ந்து, தலைமுறை தலைமுறையாக இருந்த பலர் வெளியேறினார்கள். பட்டியலில் சேர்ந்தபின் விலையும் ஏறிற்று. கட்டடம் தப்பியது, அண்டை வீட்டார் போய்விட்டார்கள். இலங்கையில் காலி (Galle) என்னும் ஊரின் கோட்டைப் பகுதியிலும் வீடுகள் வெளியாருக்கு விற்கப்பட்டு, நெடுங்காலக் குடியிருப்பாளர்கள் குறைந்தார்கள்.

புதுச்சேரி வைசியாள் வீதியின் அனுபவம் நம்பிக்கை தருவது. தாழ்வாரமும் திண்ணையும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்புகளை, குடியிருப்போரை வைத்துக்கொண்டே வரிசையாகச் சீரமைத்தார்கள். அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் 2008இல் கிடைத்தது. ஒரு வீட்டை அல்லாமல் ஒரு தெருவைச் சீர்செய்யும் இந்த முறை செட்டிநாட்டுக்கு மிகவும் பொருந்தும்.

சட்டப் பாதுகாப்பு உண்டா? யுனெஸ்கோ பட்டியலில் செட்டிநாடு இருக்கிறதா?

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது பரிந்துரைக்கு முந்தைய நிலை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறையில் தனியார் வீட்டை இடிப்பதையோ பிரித்து விற்பதையோ தடுக்கும் முதல் ஆள் அந்த வீட்டுக்காரர்தான்.

குடியேற எண்ணுபவருக்கு ஊரில் என்னென்ன வசதிகள் உள்ளன?

காரைக்குடி 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வளர்த்த கல்வி நிறுவனங்கள் இன்று அழகப்பா பல்கலைக்கழகமாக விரிந்திருக்கின்றன. அவர் முயற்சியால் வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு 1948இல் அடிக்கல் நாட்டினார். பள்ளி, மருத்துவமனை, சந்தை, சென்னைக்குப் பல்லவன் ரயில் என அன்றாடத் தேவை எதற்கும் குறையில்லை. மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டும் சாலை வழியாக இரண்டு மணி நேரத்தில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ குடியிருந்துகொண்டு காரைக்குடியில் வேலை பார்ப்பது மிகவும் எளிது.

தண்ணீர் நிலைமை எப்படி?

வறண்ட நிலம் இது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். அதனால்தான் இந்த ஊர்களைக் கட்டியவர்கள் தண்ணீரை மனத்தில் வைத்தே கட்டினார்கள். வளவின் நான்கு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். முதல் மழையில் கூரை கழுவப்பட்டபின் வரும் நீரை அண்டாக்களில் பிடிப்பார்கள். மீதி கிணற்றுக்குப் போகும். அதற்கும் மிஞ்சியது தெருவோர வாய்க்கால் வழியாக ஊருணியைச் சேரும். காரைக்குடியின் சம்பை ஊற்று நீரின் சுவையை ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

வீட்டைச் சீரமைக்கும்போது முற்றத்து மடைவாயை அடைத்து டைல்ஸ் போடுவதும், வாய்க்காலின் மேல் படிக்கட்டு இழுத்துக் கட்டுவதும் இந்தச் சங்கிலியை அறுத்துவிடுகின்றன. அந்தத் தண்ணீர் தெருவில் தேங்கி, உயரம் குறைந்த அடுத்த வீட்டுக்குள் போகிறது. போர்வெல் இருக்கிறது என்ற தைரியத்தில் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஊருணியில் நீர் நின்றால்தான் அந்தப் போர்வெல்லுக்கும் நீர் இருக்கும்.

நீண்ட நாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் எதை முதலில் செய்ய வேண்டும்?

கூரையிலிருந்து தொடங்குங்கள். உடைந்த ஓட்டை மாற்றாமல் சுவருக்கும் தரைக்கும் செய்யும் செலவு எல்லாம் அடுத்த மழையில் வீணாகும். ஓட்டைப் பிரித்து மேயும்போதே அடியில் உள்ள சட்டங்களில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கலாம். நல்ல தேக்கு கணீரென்று ஒலிக்கும். அரிக்கப்பட்டது மந்தமாக ஒலிக்கும்.

அடுத்தபடியாக, சுவரிலும் மாடிக் கைப்பிடியிலும் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளைக் கவனியுங்கள். இரண்டு இலையோடு இருக்கும்போது விரலால் பிடுங்கிவிடலாம். தண்டு விரல் தடிமன் ஆகிவிட்டால் இழுக்கக் கூடாது. வேர் செங்கலையும் பெயர்த்துக்கொண்டு வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் மருந்திட்டு, வேர் பட்டுப்போனபின் அந்தப் பிளவைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். மூன்றாவது வேலை, முற்றத்து மடையையும் கிணற்றையும் தூர்வாருவது. இவை மூன்றையும் ஆவணிக்குள் முடித்துவிட்டால், அந்த ஆண்டு ஐப்பசி மழையை வீடு தாங்கிக்கொள்ளும். குளியலறையையும் மற்ற வசதிகளையும் தை பிறந்தபின் பதறாமல் தொடங்கலாம்.